மண்டைக்குள் தார் பூச வந்தவர்களுக்கு

அவைத்தலைவராய் அமர்ந்து, ஆடாமல் அசையாமல், இந்த அம்மாள் என்ன பேசித் தொலைக்கப்போகிறாளோ என்று அச்சத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஐயா வீராசாமி அவர்களே! வைகறைப் படிப்பகத்தின் செயலாளர், 'செந்தமிழ்க் காவலர்' என்று தம் பெயருக்கு முன்னால் தாமே அச்சடித்துக்கொண்ட தம்பி தாமோதரன் அவர்களே! ஏரிக்கரைத் தெருவின் பெரியோர்களே! சேற்றுக் காலைக் கழுவிய ஈரம் காயாமல் வந்து தரையில் அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அழுகிற பிள்ளையை அணைத்துக்கொண்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! புளியமரத்துக்குப் பின்னால் பீடியை மறைத்துக்கொண்டு நிற்கும் இளஞ்சிங்கங்களே! பீடியை மறைத்தீர்கள், புகையை மறைக்கவில்லை. ஆனாலும் உங்களுக்கும் என் வணக்கம்.

இந்த ஆண்டு விழாவுக்கு என்னை ஏன் அழைத்தார்கள் தெரியுமா? தம்பி தாமோதரன் என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அப்போதே எனக்குச் சந்தேகம். "டீச்சரம்மா, விழாவுல ஒரு தீர்மானம் கொண்டாரோம். நீங்கதான் முன்மொயியணும். நீங்க தமிழ் டீச்சரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா ஊரே கம்முனு ஒத்துக்கும்" என்றார். என்ன தீர்மானம் தம்பி என்று கேட்டேன். சொன்னார். கேட்டேன். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வருகிறேன் என்றுதான் சொன்னேன். முன்மொழிகிறேன் என்று சொன்னேனா?

அந்தத் தீர்மானம் இதுதான். வேதகிரி என்பவரை இந்தப் படிப்பகத்திலிருந்து நீக்குவது. அவரிடமிருந்து படிப்பகத்துச் சாவியைப் பிடுங்குவது. இனி இந்தப் படியை அவர் மிதிக்கக்கூடாது என்பது. குற்றம் என்ன? தமிழை மறந்தார், இந்தியை மறக்கவில்லை. இதுதான் குற்றம். இதற்கு ஒரு விழா, ஒரு மேடை, ஒரு மைக், எனக்கு ஒரு கதம்ப மாலை!

என்ன அங்கே சத்தம்? 'இந்தி ஒழிக' என்கிறாரா ஒரு தம்பி? சொல்லு தம்பி, நன்றாகச் சொல்லு. நானும் சொன்னவள்தான். நீ தொட்டிலில் கிடந்த காலத்தில், கல்லூரி வாசலில் நின்று, தொண்டை கிழியச் சொன்னவள்தான். போலீஸ்காரர் தடியால் அடித்து முழங்கை பிசகி, நாட்டுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் இடக்கையால் சோறு தின்றவள். திணிக்க வந்த மொழியை எதிர்த்தோம். அது வேறு. நோயில் விழுந்த மனிதனை எட்டி உதைப்பதற்கும் மொழிப்பற்று என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் கேட்க வந்தேன். அது பற்றா? அது பித்தா? பற்றும் இல்லை, பித்தும் இல்லை, வெறும் வெட்டிப் பெருமை.

திருப்புலிவனத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பெருநகர்க் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு வேதகிரி யார் என்று தெரியாமல் இருக்கலாம். சொல்கிறேன். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர், சும்மா இருந்தாரா? பொழுது விடியுமுன் இந்தப் படிப்பகத்தைத் திறப்பார், கூட்டுவார், தண்ணீர் தெளிப்பார். முதல் பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்ததும் பெஞ்சின்மேல் ஏறி உட்காருவார். கழனிக்குப் போகிறவர்கள் மண்வெட்டியைச் சாத்திவிட்டுச் சுற்றி உட்காருவீர்கள். அவர் படிப்பார். வெறுமனே படிப்பாரா? மந்திரி பேசியதை மந்திரி குரலில் படிப்பார், எதிர்க்கட்சிக்காரர் பேசியதை எதிர்க்கட்சிக்காரர் குரலில் படிப்பார். நெல் விலையைப் படிக்கும்போது மட்டும் தம் சொந்தக் குரலில், கொஞ்சம் கோபத்தோடு படிப்பார். எழுத்து வாசனை இல்லாத நூறு பேருக்கு அந்த ஒரு மனிதர் கண்ணாக இருந்தார். அதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை.

சென்ற ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. வழக்கம்போலப் பத்திரிகையை விரித்தார். படிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பத்திரிகையைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். மறுபடி மாட்டினார். "இன்னாடா இது? பஸ்காரன் வேற பாஷ பேப்பர போட்டுட்டுப் பூட்டானா?" என்று கேட்டார்.

சிரித்தீர்கள். எல்லாரும் சிரித்தீர்கள். வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தீர்கள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று சுவரில் இருந்த 'வைகறைப் படிப்பகம்' என்ற பலகையைப் பார்த்தார். அதுவும் தெரியவில்லை. பலகை தெரிகிறது, பச்சை வண்ணம் தெரிகிறது, எழுத்து இருப்பதும் தெரிகிறது. அது என்ன எழுத்து என்பதுதான் தெரியவில்லை.

பேச்சுப் போகவில்லை. நினைவு போகவில்லை. கை கால் இழுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் இன்றைக்கும் மூன்று தலைமுறை சொல்வார். ஆனால் வலப்பக்கமாக வருகிற மாடு அவருக்குத் தெரியவில்லை. போய் மோதிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு, 'காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான்' என்று சொன்ன உத்தமர்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். தலையைக் குனிய வேண்டாம், நான் பெயர் சொல்லப்போவதில்லை.

சரி, அதோடு விட்டீர்களா? சில நாள் கழித்து, கிருஷ்ணசாமி டீக்கடை வாசலில் வேதகிரி அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வடக்கேயிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வந்த லாரி ஒன்று அங்கே வந்து நிற்கிறது. அதன் முதுகில் ஏதோ இந்தி எழுத்து. அண்ணன் பார்க்கிறார். கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். குதித்து எழுந்திருக்கிறார். "டேய் கிருஷ்ணசாமி! 'மெதுவா போ, வூட்ல ஒனக்காக ஒருத்தி காத்துக்கினு கீறா'ன்னு போட்டுக்கீதுடா! படிக்க வருதுடா எனக்கு! படிப்பு பூடலடா!" என்று கத்துகிறார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

ஒரு மனிதனுக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்திருக்கிறது. ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டாமா? கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாமா? டீக்கடையே திரும்பிப் பார்த்தது. 'ஓகோ! தமிழ் படிக்க வராதாம், இந்தி மட்டும் வருமாம்!' என்றது. அன்று மாலைக்குள் ஊர் பூராவும் செய்தி. பத்திரிகை படிக்க ஆள் இல்லாவிட்டாலும் இந்த ஊரில் செய்தி பரவுவதற்குக் குறைச்சலே இல்லை!

பிறகு நடந்தது விசாரணை. விசாரணை செய்தவர் யார்? பெரிய வைத்தியரா? மூளையை அறுத்துப் பார்த்த அறிஞரா? இல்லை. தம்பி தாமோதரன். ஆயுதம் என்ன? ஒரு சிலேட்டு. இதே படிப்பகத்தில், ஐம்பது பேர் நடுவில், அண்ணனை உட்கார வைத்துச் சிலேட்டைக் கொடுத்தார்.

"எதுனா எய்துய்யா பாக்கலாம்" என்றார்.

அண்ணன் எழுதினார். கை நடுங்கவில்லை, வரி கோணவில்லை. 'தமிழ் வாழ்க' என்று எழுதினார். நானும் அங்கே இருந்தேன், என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அப்படி எழுத வராது. தாமோதரன் சிலேட்டை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார். பிறகு அதே சிலேட்டை முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது இன்னா?"

அண்ணன் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "தெரியலியே தம்பி. யாரு எய்துனது?" என்றார்.

"நீதான்யா எய்துன! இப்பதான்யா எய்துன!"

"நானா?" என்றார் அண்ணன்.

கூரை பிய்த்துக்கொண்டு போகச் சிரித்தீர்களே, நினைவிருக்கிறதா? 'எழுத வருமாம், எழுதியதைப் படிக்க வராதாம்! என்னா நடிப்பு, என்னா நடிப்பு!' என்றீர்களே! தமிழ் வாழ்க என்று எழுதிய கை அந்தக் கை. அதைப் பார்த்துக் கலங்கியவர் எத்தனை பேர்? அண்ணன் மனைவி முனியம்மாள் அக்கா மட்டும் வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் அது கொட்டகையில் ஓசிப் படம்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு மதராசுக்குப் போனேன். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது, அண்ணனுக்குத் தெரிந்த எழுத்து போய்விட்டது, பஸ் போர்டு படிக்கவாவது ஒருத்தி வேண்டாமா? பெரிய ஆஸ்பத்திரி. தலைக்குள் நோய் பார்க்கிற டாக்டர். வயசானவர், நிதானமானவர். சிலேட்டுக் கதையை நான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "உங்களுக்கு வலப்பக்கம் பார்வை குறைஞ்சிருக்குமே?" என்று கேட்டார். பார்த்தீர்களா? மாடு மோதிய கதையை நாங்கள் சொல்லவே இல்லை!

இனி நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தூங்குகிறவர்களை எழுப்பிவிடுங்கள். நான்காவது வரிசையில் வாய் பிளந்து தூங்குகிற அந்தப் பெரியவரை மட்டும் விட்டுவிடுங்கள், பாவம், அவர் இன்றைக்கு நாற்று நட்டவர்.

கண்ணா படிக்கிறது? கண் பார்க்கிறது, அவ்வளவுதான். படிப்பது மூளை. அழுவதற்கு நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பால் குடிக்க யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் எழுத்து? எழுத்து மனிதன் கண்டுபிடித்தது. மூளையில் பிறக்கும்போதே அதற்கென்று ஒதுக்கிய அறை கிடையாது. நாம் கற்கக் கற்க, வேறு வேலைக்கு இருந்த இடத்தை ஒழித்துக் கொடுத்து, மூளைதான் எழுத்தைக் குடிவைக்கிறது. தமிழ் வந்தால் தமிழுக்கு இடம். தெலுங்கு வந்தால் தெலுங்குக்கு இடம். வெள்ளைக்காரன் எழுத்து வந்தால் அதற்கும் இடம். 'நீ எந்த நாட்டு எழுத்து, எந்தக் கட்சி எழுத்து' என்று வாசலில் நிறுத்தி அது விசாரிப்பதில்லை. மூளைக்கு இருக்கிற பெருந்தன்மை, மூளையைச் சுமக்கிற ஆளுக்கு இல்லை!

டாக்டர் சொன்னதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் ஏரியில் தண்ணீர் இருக்கிறது. கழனியும் இருக்கிறது. நடுவில் கால்வாய் தூர்ந்துபோய்விட்டது. கழனி காய்கிறது. உடனே ஏரியில் தண்ணீரே இல்லை என்பீர்களா? அண்ணன் தலைக்குள் தமிழ் இருக்கிறது, நிறைய இருக்கிறது. அதனால்தான் பேசுகிறார், அதனால்தான் எழுதுகிறார். கண்ணிலிருந்து அந்தத் தமிழுக்குப் போகிற வழியில் மட்டும் இரத்தம் ஓடாமல் அடைத்துக்கொண்டது. எழுதுகிற கைக்கு ஒரு வழி, படிக்கிற கண்ணுக்கு ஒரு வழி. ஒன்று தூர்ந்தது, ஒன்று ஓடுகிறது.

'அப்படியானால் இந்தி மட்டும் எப்படி வருகிறது?' அதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? அண்ணன் தமிழைக் கற்றது பள்ளிக்கூடத்து மணலில், பிள்ளைப் பிராயத்தில், விரலால் எழுதி எழுதி. இந்தியைக் கற்றது பட்டாளத்து முகாமில், மீசை முளைத்த பிறகு, கரும்பலகையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து. கற்ற வயது வேறு, கற்ற விதம் வேறு. ஆகவே ஒன்று போன வழியில் இன்னொன்று போகாமல் இருக்கலாம். ஜப்பானில் இரண்டு விதமான எழுத்தைக் கலந்து எழுதுகிறார்களாம். மூளையில் நோய் கண்டு ஒருவித எழுத்தை இழந்து, மற்றொருவித எழுத்தை இழக்காத நோயாளிகள் அங்கே உண்டாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த டாக்டர், "இருந்தாலும் அம்மா, இது ஏன் இப்படின்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார்.

பாருங்கள்! முப்பது வருடம் மூளையைப் பார்த்தவர் தெரியாது என்கிறார். சிலேட்டு பிடித்த நம் தாமோதரனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது! அந்த டாக்டர் ஊரைவிட்டு ஊர் வந்து நம் செயலாளரிடம் பாடம் கேட்கலாம், பஸ் சார்ஜை நான் தருகிறேன்.

கோபப்படாதீர்கள் தம்பி தாமோதரன். தண்ணீர் குடியுங்கள். இன்னும் இருக்கிறது.

அன்று டாக்டர் இன்னொரு காரியம் செய்தார். அண்ணனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, மேசைமேல் சுழித்து, வளைத்து, இழுத்தார். அண்ணன் உதடு அசைந்தது. "'அ' தானே?" என்றார். இன்னோர் எழுத்து. "'ம'" என்றார். கண் மறந்ததைக் கை மறக்கவில்லை. மணலில் எழுதிய விரல் மறக்கவில்லை. முனியம்மாள் அக்கா அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் சொன்னார்: "பெரிய பெரிய எழுத்தாப் பாத்து விரலால தடவித் தடவிப் பழகுங்க. மெதுவா வரும். பத்திரிகை எழுத்து ஆகாது, ரொம்பப் பொடி. அதுல விரலை வெச்சா நாலு எழுத்து விரலுக்கடியிலே மறைஞ்சுடும்."

பஸ்ஸில் வரும்போது அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தம் தொடைமேல் விரலால் என்னென்னவோ எழுதிக்கொண்டே வந்தார். "டீச்சரம்மா, பொங்கலுக்குள்ள பேப்பர் படிச்சிடுவேனா? நம்ம ஆளுங்கோ இன்னா சேதின்னு தெரியாம பேஜாராயிருப்பாங்கோ" என்றார். தம்மை ஐம்பது பேர் முன்னால் கேலி செய்தவர்களுக்கு நாட்டு நடப்புத் தெரியவில்லையே என்று அந்த மனிதருக்குக் கவலை!

அந்த மனிதர் ஊர் திரும்புவதற்குள் நீங்கள் என்ன செய்து வைத்திருந்தீர்கள்?

சொல்லட்டுமா? இங்கே சில பேர் மேல்துண்டைச் சரிசெய்கிறார்கள். சில பேருக்குத் திடீரென்று இருமல் வருகிறது. இருமி முடியுங்கள், காத்திருக்கிறேன்.

அண்ணன் வீட்டுச் சுவரில், வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்த சுவரில், தார்ச்சட்டியும் தென்னம்மட்டையுமாகப் போய், ஆள் உயரத்துக்கு ஒரு சொல் எழுதி வைத்திருந்தீர்கள். அந்தக் காலத்தில் நாங்கள் ரயிலடிப் பலகைகளில் தார் பூசினோம், ஒளிவு மறைவு இல்லாமல், பட்டப்பகலில், போலீஸ்காரர் கண் முன்னால் பூசினோம். நீங்களோ, ஆள் இல்லாத வீட்டில், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்துப் பூசினீர்கள். ஆகா, என்ன வீரம்! ஆகா, என்ன தீரம்!

ஒன்று கேட்கிறேன். நோய் பொய், நடிப்பு என்கிறீர்கள். சரி. நோய் உண்மையாக இருந்தால்? தமிழ் படிக்க முடியாதவனைத் திட்டுவதற்குத் தமிழில் எழுதி வைக்கிறோமே, அவன் எப்படிப் படிப்பான் என்று உங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? அவன் மனைவிக்கும் எழுத்துத் தெரியாதே என்று தோன்றியதா? தார் வாங்க ஆள் இருந்தது, தார் காய்ச்ச ஆள் இருந்தது, யோசிக்க ஓர் ஆள் கிடைக்கவில்லையா? திட்டுவதற்குக்கூடக் கொஞ்சம் மூளை வேண்டும் ஐயா!

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தோம். வெயில் தாழ்ந்த நேரம். சுவரை முதலில் பார்த்தவர் அக்கா. "ஐய, இத்தப் பாரேன்! டீச்சரம்மா, எந்தக் கட்சிக்காரங்கோ இது? ஒரு வார்த்த கேக்காம நம்ம செவுத்த ரிசர்வ் பண்ணிக்கினு போய்க்கீறாங்கோ" என்றார். தேர்தலுக்குத் தேர்தல் சுவரில் எழுதிவிட்டுப் போகிறார்களே, அந்த வழக்கம்தான் அவருக்குத் தெரியும். நான் படித்தேன். எனக்குத்தான் படிக்கத் தெரியுமே! அன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கும் எழுத்துத் தெரியாமல் போயிருக்கக்கூடாதா என்று இருந்தது.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? முகமெல்லாம் சிரிப்பு. "எம்மாம் பெரிய எய்த்து! டாக்டரு கேட்டது இத்தத்தானே டீச்சரம்மா?" என்று பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரை நோக்கிப் போனார். "அண்ணா, களைப்பாக இருக்கிறீர்கள், நாளைக்குப் பார்க்கலாம் அண்ணா" என்று கையைப் பிடித்தேன். கேட்கவில்லை. விரலை வைத்தார். தார் இன்னும் சரியாகக் காயவில்லை, விரல் ஒட்டியது. முதல் எழுத்தின் மேல் ஊர்ந்தார். திரும்ப ஊர்ந்தார்.

"'து'! டீச்சரம்மா, 'து'!" என்றார். தெருவே கேட்கக் கத்தினார்.

அடுத்த எழுத்து. கொம்பைத் தடவினார், உடம்பைத் தடவினார், காலைத் தடவினார். கொஞ்சம் நேரம் பிடித்தது. "'ரோ'! முனிமா, வந்துடுச்சி! தமிழு வந்துடுச்சி!" பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, ஓடவும் முடியவில்லை.

மூன்றாவது எழுத்து. விரல் மேலே போயிற்று, வளைந்தது, இறங்கியது. இந்த முறை கத்தல் இல்லை. விரல் சுவரிலேயே இருந்தது. மறுபடியும் முதல் எழுத்திலிருந்து மெதுவாக மூன்றையும் தடவினார். தவறாகப் படித்துவிட்டோமோ என்று சரிபார்க்கிறார் ஐயா! தவறில்லை. சரியாகத்தான் படித்தார். துரோகி.

நோய் கண்ட பிறகு அந்த மனிதர் படித்த முதல் தமிழ்ச்சொல். அம்மா என்றிருக்கலாம். அன்பு என்றிருக்கலாம். அரிசி என்றுகூட இருந்திருக்கலாம். துரோகி. நீங்கள் கொடுத்தது. தமிழைக் காக்கிற நீங்கள், தமிழை இழந்த ஒருவருக்கு முதல் முதலாக எடுத்துக் கொடுத்த சொல்!

"இன்னாய்யா எய்திக்கீது?" என்று கேட்டார் அக்கா.

அண்ணன் திரும்பவில்லை. "ஒண்ணுமில்ல முனிமா. எம் பேர எய்திவெச்சிக்கீறாங்கோ" என்றார்.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாதுதான். முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் முதுகைப் பார்த்தாலே தெரியாதா? விறுவிறுவென்று உள்ளே போனார். மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வந்தார். சுவரில் வைத்துத் தேய்க்கப் போனார். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அயிக்காத முனிமா."

"இந்தக் கண்றாவிய வெச்சிக்கினு இன்னாய்யா பண்ணப்போற?"

"ஊருல எங்கயும் இம்மாம் பெரிய எய்த்து இல்ல. இத அயிச்சிட்டா நான் எதுல பயகறது?"

கேட்டீர்களா? கைதட்டாதீர்கள்! இந்த இடத்தில் கைதட்டினால் நான் மேடையைவிட்டு இறங்கிவிடுவேன். அழுகிறவர்கள் அழுங்கள், அதற்குத் தடையில்லை. அன்று முதல் இன்று வரை அந்த மனிதர் விடிந்ததும் அந்தச் சுவர் முன்னால் நிற்கிறார். பத்திரிகை விரித்துப் படித்த அதே நேரத்தில், மண்வெட்டியோடு நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது, உங்கள் கண் முன்னாலேயே நின்று, தம்மைத் திட்டிய வசவின்மேல் விரலை வைத்துத் தடவுகிறார். நீங்கள் பார்த்துக்கொண்டே போகிறீர்கள். தாரைச் சுரண்டிப் பார்க்கிறான் என்று சொல்லிக்கொண்டே போகிறீர்கள்.

இப்போது சொல்லுங்கள், யாரை நீக்கப்போகிறீர்கள்? உடம்பில் ஒரு வழி அடைத்துப்போனதால் தமிழ் படிக்க முடியாதவரையா? உடம்பில் ஒரு நோயும் இல்லாமல், கண் இரண்டும் நன்றாகத் தெரிந்தும், எதிரே நிற்கிற மனிதனைப் படிக்கத் தெரியாத உங்களையா? இந்தியில் ஒரு வரி படித்ததும் தமிழ் செத்துவிடும் என்கிறீர்களே, தமிழ் என்ன அவ்வளவு சோப்ளாங்கியா? பட்டாளத்து முகாமில் பத்து மொழிக்காரனோடு படுத்து எழுந்தும் அவர் தலைக்குள் சாகாத தமிழ், இரத்தம் ஓடாமல் போயும் விரல் நுனியில் வந்து நிற்கிற தமிழ், உங்கள் தீர்மானத்தின் தயவிலா பிழைக்கப்போகிறது?

ஐயா வீராசாமி அவர்களே, தலைவர் என்ற முறையில் தங்களுக்குச் சொல்கிறேன். இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியவில்லை. வேறு யாராவது முன்மொழிவதானால், அவர் இந்த மைக்குக்கு வந்து, ஒலிபெருக்கியில் வேதகிரி அண்ணனுக்குக் கேட்கும்படி, தம் பெயரையும் தம் அப்பா பெயரையும் சொல்லிவிட்டு முன்மொழியட்டும். கூம்பு ஒன்றை அவர் வீட்டுப் பக்கம்தான் திருப்பிக் கட்டியிருக்கிறீர்கள், கேட்டு அவமானப்படட்டும் என்று. நன்றாகக் கேட்கும்.

வருகிறீர்களா? யாராவது வருகிறீர்களா? தம்பி தாமோதரன்? இல்லையா?

அப்படியானால் ஒரு காரியம் சொல்கிறேன், செய்யுங்கள். அந்தச் சுவரில் யார் எழுதியது என்று நான் கேட்கமாட்டேன். அழிக்கவும் சொல்லமாட்டேன், அழிக்க அவரே விடமாட்டார். ஆனால் தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. அவ்வளவு பெரிய தமிழ்க் காவலர்கள், இவ்வளவு பெரிய தார்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மூன்றே மூன்று எழுத்தைத்தான் எழுதிவிட்டு வந்திருக்கிறீர்கள். பாக்கி எழுத்துக்கெல்லாம் அவர் எங்கே போவார்?

கடைசி வரை இருந்து கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. நடுவில் எழுந்து போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னும் அதிக நன்றி. தார்ச்சட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவர் நாளைக்கு விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு வேதகிரி அண்ணன் வீட்டுக்கு வரட்டும். நானும் அங்கே இருப்பேன். சுவரில் இடம் நிறைய இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல, நீங்கள் எழுதுங்கள்.

வணக்கம்.